தொரப்பள்ளியில் ஒரு தபாலாபீஸ்

தொரப்பள்ளியில் நாங்கள் போட்ட நாடகத்தைப் பற்றி எழுத வேண்டுமென்று பல தடவை உட்கார்ந்து, எழுதாமலே எழுந்திருக்கிறேன். ஒரே ஒரு இரவு நடந்த நாடகம். புகைப்படம் கிடையாது. எந்தப் பத்திரிகையிலும் விமர்சனம் வரவில்லை. வரும்படியாக நாங்கள் எதுவும் செய்யவுமில்லை. பார்த்தவர்கள் நூற்றைம்பது பேர் இருக்கலாம், அதில் பாதி குழந்தைகள். நாடகம் என்ற அளவில் அது சரியாக அமைந்ததா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனாலும் நாடகம் எதற்கு என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த இரவுதான். பெருமையோடு வருகிற ஞாபகம் இல்லை.

அது 1989. ஓசூர் அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004-ல்தான். சிப்காட் தொழிற்பேட்டை வந்து, லாரியும் கைக்கடிகாரமும் செய்கிற பெரிய ஆலைகள் வந்து, அவற்றைச் சுற்றி லேத் பட்டறைகள் முளைத்து, தெற்கே எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து அறை தேடிக்கொண்டிருந்த காலம். நான் ஒரு தொழிற்சாலையில், செய்து வரும் பாகங்களை அளந்து பார்த்து ஏற்கவோ தள்ளவோ செய்கிற பிரிவில் இருந்தேன். ஓசூரில் வாடகை கட்டுப்படியாகாமல் சில மைல் தள்ளித் தொரப்பள்ளிக்குக் குடிபோனேன். ராஜாஜி 1878-ல் பிறந்த ஊர். அவர் பிறந்த வீட்டை இன்று அரசு நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. பக்கத்தில் தென்பெண்ணை. ஒரே தெருவில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் பேசுவார்கள். ஊர்க்காரர்களுக்கு மூன்றும் வரும். எங்களுக்குத் தமிழ் மட்டும். பெங்களூரில் பஸ் ஏறும்போது நம்பரைப் பார்த்து ஏறுவோம். பலகையைப் படிக்கத் தெரியாது.

ஷிப்டு முடிந்து வந்து சிறுபத்திரிகை படிக்கிற ஐந்தாறு பேர் சேர்ந்திருந்தோம். பாதல் சர்க்கார் 1980-ல் சோழமண்டலத்துக்கு வந்து நாடகப் பட்டறை நடத்தியதைப் பற்றிக் கேள்விப்பட்டு, அந்தக் கேள்வி ஞானத்திலேயே பல மாதம் விவாதித்தவர்கள். பெங்களூர் அவென்யூ ரோட்டில் ஒரு பழைய புத்தகக் கடையில் தாகூரின் ‘தபாலாபீஸ்’ ஆங்கிலப் பிரதி எனக்குக் கிடைத்தது. தேவப்பிரத முகர்ஜி மொழிபெயர்த்து, ஏட்ஸ் முன்னுரை எழுதியது. இரவு ஷிப்டுகளில் உட்கார்ந்து அதைத் தமிழாக்கினேன்.

நாடகம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அமல் என்ற சிறுவன். மாதவன் என்பவர் தத்து எடுத்து வளர்க்கிறார். பையனுக்கு என்ன வியாதி என்பது கடைசி வரை சொல்லப்படுவதில்லை. காற்றும் வெயிலும் படக்கூடாதென்று வைத்தியர் சொல்லிவிட, அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடம் பேசிக்கொண்டிருக்கிறான். தயிர்க்காரன், காவல்காரன், பூ விற்கிற சுதா. எதிரே ராஜாவின் தபாலாபீஸ் புதிதாக வந்திருக்கிறது. தனக்கும் ராஜாவிடமிருந்து ஒரு கடிதம் வரும் என்று நம்ப ஆரம்பிக்கிறான். ஊர்த்தலைவர் கேலியாக ஒரு வெற்றுக் காகிதத்தைக் கொண்டுவந்து இதுதான் உன் கடிதம் என்கிறார். பக்கிரி வேஷத்தில் வந்து பையனோடு பேசுகிற தாத்தா அந்த வெற்றுக் காகிதத்தை நிஜமாகவே படித்துச் சொல்கிறார், ராஜா வருகிறார் என்று. பிறகு ராஜவைத்தியர் வந்து மூடியிருந்த கதவு ஜன்னல்களையெல்லாம் திறக்கச் சொல்கிறார். பையன் தூங்குகிறான். சுதா பூவோடு வந்து, தான் அவனை மறக்கவில்லை என்று எழுந்ததும் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறாள். அவ்வளவுதான். தாகூர் இதை எழுதியது 1911-ல். அதற்கு முந்தைய பத்து வருஷத்துக்குள் மனைவி, மகள் ரேணுகா, மகன் சமீந்திரநாத் மூன்று பேரையும் பறிகொடுத்திருந்தார்.

இனி வாத்தியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூத்தில் சொல்லிக்கொடுப்பவரை வாத்தியார் என்பது வழக்கம். பக்கத்து ஊர்க்காரர், ஐம்பது வயது இருக்கும். பகலில் சிப்காட்டில் ஒரு லேத் பட்டறையில் எடுபிடி வேலை. பாரதம் நடக்கிற மாதங்களில் சம்பளமில்லாத லீவில் போய்விடுவார். அவருடைய கர்ணனைப் பார்க்க ராயக்கோட்டைப் பக்கமிருந்தெல்லாம் வருவார்கள். கருமாதி வீட்டில் ‘கர்ண மோட்சம்’ வைப்பது வடதமிழ்நாட்டு வழக்கம் என்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். விடிந்தால் சாகப்போகிறோம் என்று அறிந்தவன் மனைவி பொன்னுருவியிடம் உத்தரவு கேட்கிற கட்டம்தான் அதில் பிரதானம். துக்க வீட்டுக்காரர்கள் விடிய விடிய அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கும் நாடகம் தெரியும் என்ற தோரணையில் அவரோடு பழக ஆரம்பித்தோம். அவர் எங்களை ரொம்ப மரியாதையாக நடத்தினார். அது எவ்வளவு பெரிய தாராளம் என்பது அப்போது உறைக்கவில்லை.

அந்த வருஷம் ஆடிக்குப் பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சியும் அடைத்தது. குரல் கம்மிக்கொண்டே வந்தது. அவருடைய தம்பியும் நானும் அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்கு ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனோம். மூன்றாவது தடவை போனபோது டாக்டர், வாத்தியாரை எதிரே உட்கார வைத்துக்கொண்டே, என்னைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னார். உணவுக்குழாயில் புற்று, அறுவைக்கு அப்பால் போய்விட்டது, ஆறு மாதம். வாத்தியாருக்குக் கன்னடம் தெரியும் என்பதால்தான் அவர் இங்கிலீஷில் சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது. சொல்லிவிட்டு, நீங்கள் சொல்லுங்கள் என்பது போலப் பேனாவை மூடினார். வாத்தியார் என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னேன்: “தொண்டைக்குக் கீழே புண்ணாம். ஆற நாளாகுமாம். பேசாம இருக்கணுமாம்.”

தாகூரை மொழிபெயர்த்த அதே மாதத்தில் நான் செய்த இன்னொரு மொழிபெயர்ப்பு இது.

அன்று இது தவறென்று எனக்குத் தோன்றவில்லை. நாம் எல்லோரும் செய்வதுதானே. கே. பாலசந்தர் மேடையில் நடத்தி, 1965-ல் படமாகவும் எடுத்த ‘நீர்க்குமிழி’யை நினைத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிற நாகேஷ் பிழைக்கமாட்டார் என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நம் கண்ணீர் அந்த இடைவெளியில் உற்பத்தியாகிறது. பார்வையாளனுக்குத் தெரிந்தது நோயாளிக்குத் தெரியக்கூடாது என்பது நமக்கு நாடக உத்தி மட்டுமில்லை, குடும்ப தர்மம். தம்பியும் நானும் திரும்பி வருகிற பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசாமலே இந்த தர்மத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோம். வாத்தியாரின் மனைவிக்கும் அதே புண் கதைதான்.

அவரை எதிலாவது ஈடுபடுத்தி வைக்கவேண்டும் என்று ‘தபாலாபீஸ்’ நாடகத்தில் தாத்தா வேஷம் கொடுத்தேன். அமலாக எட்டாவது படிக்கிற ஒரு பையன். மாதவன் நான். தயிர்க்காரன் எங்கள் தெருவில் கேட்கிற மாதிரியே தெலுங்கில் ‘பெருகோ’ என்று கூவ வேண்டும் என்பது வாத்தியார் யோசனை. ஒத்திகை பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நடந்தது. முதல் நாள் கதை முழுவதையும் தாகூர் எழுதியபடி சொன்னேன். இரண்டாவது வாரம் கடைசிக் காட்சியை மாற்றி எழுதிக் கொண்டுபோனேன். என் பிரதியில் ராஜவைத்தியர் கையைப் பிடித்ததும் பையன் எழுந்து, திறந்த கதவு வழியாக வெளியே நடந்து போகிறான். கிராமத்து ஜனங்களுக்கு நம்பிக்கை வேண்டும், குறியீடெல்லாம் புரியாது என்று நண்பர்களிடம் காரணம் சொன்னேன். நல்ல வாக்குவாதம் நடந்தது. தாகூரைத் திருத்த நீ யார் என்று ஒருவர் ஒரு வாரம் வரவில்லை. நிஜக் காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. வாத்தியார் வாக்குவாதத்தில் கலந்துகொள்ளாமல் பீடி இல்லாத வாயை மென்றுகொண்டிருந்தார்.

பிறகு ஒரு நாள், தான் அமல் போடுவதாகச் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. “தாத்தாவுக்கு நிறைய வசனம் சார். குரல் வரல. இந்தப் பையன் உட்கார்ந்த இடத்துலயே மெல்லப் பேசறவன். எனக்குத் தோதா இருக்கும்” என்றார். ஐம்பது வயதுக்காரர் எப்படிப் பையனாக என்று இழுத்தேன். “ஆம்பிளை திரௌபதி வேஷம் கட்டினா ஜனங்க கேக்கறாங்களா?” என்றார். அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. எட்டாவது படிக்கிற பையன் சுதாவாக மாறினான்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, கோயிலுக்கு முன்னாலிருந்த வெட்டவெளியில் போட்டோம். இரண்டு டியூப்லைட், கரண்ட் போனால் இருக்கட்டுமென்று ஒரு பெட்ரோமாக்ஸ். வாத்தியாரின் கூத்துக்காரர்கள் மத்தளம், ஆர்மோனியத்தோடு தாமாகவே வந்து ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆரம்பத்தில் கயிற்றுக் கட்டிலில் அவர் படுத்திருக்க, மாதவனும் வைத்தியரும் பேசவேண்டும். ஆனால் அவர் எங்களைக் கேட்காமல் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். கூத்தில் வேஷம் வருகிற மாதிரி இரண்டு பேர் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடித்துக்கொண்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. பாட்டில்லை, பாட முடியாது. கூத்தில் ராஜா வந்து தான் இன்னார் என்று சபைக்குச் சொல்வதைப் போலச் சொன்னார்:

“நான் அமல். எனக்கு வந்திருக்கிறது தீராத வியாதி. வைத்தியரு மாமாகிட்ட சொல்லியிருக்காரு. மாமா எங்கிட்ட சொல்லல. பரவாயில்ல. எனக்குத் தெரியும்.”

திரை விலகியது. மேடையில் மாமா நான்தான்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நான் என்ன பேசினேன் என்பது ஞாபகமில்லை. தயிர்க்காரனிடம் அந்தக் கூவலைக் கற்றுக்கொள்கிற கட்டத்தில் அவர் மூன்று தடவை ‘பெருகோ’ என்று முயற்சி செய்தது ஞாபகமிருக்கிறது. மூன்றாவது தடவை குரலே இல்லை, வாய் மட்டும் அசைந்தது. குழந்தைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கடைசியில் ராஜவைத்தியர் என் பிரதிப்படி அவர் கையைப் பிடித்து எழுந்திரு என்றார். அவர் எழவில்லை. வைத்தியர் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். மத்தளக்காரர் கையை எடுத்துவிட்டார். சுதாவாக நின்ற பையனுக்குத் தாகூரின் முடிவு முதல் நாள் கேட்டதோடு சரி. அவன் கொஞ்ச நேரம் திகைத்து நின்றுவிட்டு, கையிலிருந்த செவ்வந்தியைக் கட்டில் மேல் வைத்து, “தூங்கறான்” என்று சபையைப் பார்த்துச் சொன்னான். நான் வெட்டி எறிந்த முடிவு ஏறக்குறைய அப்படியே திரும்பி வந்துவிட்டது.

மறுநாள் ஆற்றங்கரையில் அவரிடம் எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். “மொத நாளே சார். ஆஸ்பத்திரி வாசல்ல கன்னடத்துல இவ்வளவு பெரிசா போர்டு வச்சிருக்கான், என்ன வியாதிக்கு ஆஸ்பத்திரின்னு. உங்களுக்குத்தான் படிக்கத் தெரியாது, எனக்குமா?” என்றார். பிறகு, “நீங்க புண்ணுன்னு சொன்னப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். சரி, இவருக்கு இது வேணும்போல இருக்குன்னு விட்டுட்டேன்” என்றார். நான் அவருக்காகச் சொன்ன பொய்யை, அவர் எனக்காகத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

இந்த விஷயத்தைப் பல வருஷம் யோசித்திருக்கிறேன். வெற்றுக் காகிதத்தைக் கடிதமாகப் படிக்கிற தாத்தா செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதானே என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கியதுண்டு. ஒன்றில்லை. தாத்தா பையனிடம் நீ பிழைத்துவிடுவாய் என்று ஒரு இடத்திலும் சொல்வதில்லை. ராஜா வருகிறார் என்கிறார். வருவது வரும் என்பதை மறைக்காமல், அதைப் பையன் தாங்கக்கூடிய ஒரு பெயரால் கூப்பிடுகிறார். நான் பெயரை மாற்றவில்லை. வருவதையே இல்லை என்றேன். மூடிய ஜன்னலை வைத்தியர் பெயரால் காவல் காத்த மாதவன் வேஷம் எனக்குப் பொருத்தமாகத்தான் அமைந்திருந்தது.

வார்ஸா விஷயம் அப்போது எனக்குத் தெரியாது, பின்னால்தான் படித்தேன். நாஜிகள் அடைத்து வைத்திருந்த யூதச் சேரியில் அனாதைக் குழந்தைகள் இல்லம் நடத்திய டாக்டர் யானுஷ் கோர்ச்சாக், 1942 ஜூலை 18-ந் தேதி அந்தக் குழந்தைகளை வைத்து இதே ‘தபாலாபீஸ்’ நாடகத்தைப் போட்டார். நான்கு நாளில் சேரியைக் காலி செய்வது ஆரம்பமாயிற்று. ஆகஸ்டு முதல் வாரத்தில் ஏறத்தாழ இருநூறு குழந்தைகளோடு அவரும் ட்ரெப்லிங்காவுக்கு ரயிலேறினார். தப்பித்துக்கொள்ள வந்த வாய்ப்புகளை மறுத்துவிட்டு. ஏன் இந்த நாடகம் என்று கேட்டதற்கு, குழந்தைகள் மரணத்தை அமைதியாக ஏற்கப் பழக வேண்டும் என்ற அர்த்தத்தில் அவர் பதில் சொன்னதாகச் சொல்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு உடனே புல்லரிக்கவில்லை. சங்கடமாக இருந்தது. சாவைச் சந்திக்கக் கற்றுக்கொடுக்கிற பெரியவர், கற்றுக்கொள்கிற குழந்தைகள் என்று இதைப் புரிந்துகொண்டால், நான் தாத்தா வேஷம் கொடுத்தது மாதிரிதான் ஆகிறது. கூடவே ரயிலேறியது கோர்ச்சாக்கை அந்த இடத்திலிருந்து தப்புவிக்கிறது என்று நினைக்கிறேன். அவர் பார்வையாளர் வரிசையில் உட்காரவில்லை.

இங்கேதான் கூத்து நமக்கு முன்னால் நிற்கிறது. கர்ணனுக்குத் தெரியும், பார்ப்பவனுக்கும் தெரியும், கர்ணனுக்குத் தெரியும் என்பது பார்ப்பவனுக்குத் தெரியும். இரகசியம் கிடையாது. மார்கரெட் எட்ஸன் என்ற அமெரிக்க ஆசிரியை எழுதி 1995-ல் மேடையேறிய ‘விட்’ நாடகத்திலும் சினைப்பை புற்றுநோய் முற்றிய ஒரு பேராசிரியை, நாடக ஆரம்பத்திலேயே சபையைப் பார்த்துத் தான் இறந்துபோவதை அறிவித்துவிடுகிறாள். அதைப் படித்தபோது வேட்டித் திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரல்தான் காதில் விழுந்தது. அதே மாதிரி 2006-ல் மணிப்பூரில் கன்ஹைலால் ‘தபாலாபீஸ்’ நாடகத்தை இயக்கியபோது, அறுபது வயதான அவர் மனைவி சாவித்திரி அமலாக நடித்தார் என்று கேள்விப்பட்டபோது, நாங்கள் அன்று தாழ்வாரத்தில் சிரித்தது ஞாபகம் வந்து தலைகுனிந்தேன்.

ஆனால் இதை இப்படியே முடித்துவிட்டால் அது இன்னொரு திருத்தப்பட்ட பிரதியாகிவிடும். வாத்தியார் மாசியில் இறந்தார். அதற்குள் கிரீடம், புஜகீர்த்தி, மார்பதக்கம் எல்லாவற்றையும் சிஷ்யப் பையன் ஒருவனிடம் ஒப்படைத்தார். பட்டறையில் வாங்கியிருந்த முன்பணத்துக்கு ஒரு ஆட்டை விற்றுக் கணக்கு முடித்தார். நாடகத்தால் விளைந்த நன்மை என்று இதைச் சொல்லலாம். நண்பர்கள் சொன்னார்கள். நானும் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கருமாதிக்கு முதல் நாள் அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார். நான் புண்ணென்று பொய் சொன்னதற்குத் திட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அதைப் பற்றி அவர் பேசவேயில்லை. “கூத்துல பொன்னுருவிகிட்ட ராத்திரியெல்லாம் உத்தரவு கேப்பாரே சார். எத்தனை ஊர்ல பாத்திருக்கேன். அன்னிக்கு ஊருக்கே சொன்னாரு. நான் பொம்பளைங்களோட பொம்பளையா கீழ உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன். எங்கிட்டத் தனியா ஒரு வார்த்தை சொல்லல” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அரிசி கழுவிக்கொண்டே சொன்னார். அப்புறம் எவ்வளவு பேர் சாப்பிட வருவார்கள் என்று என்னைக் கேட்டார்.

மேடையில் சொல்ல முடிந்ததை வீட்டில் சொல்ல முடியாமல் போனது ஏன் என்பதற்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. மேடை இருந்ததால்தான் அவ்வளவாவது சொன்னார் என்றும் எண்ணலாம். மேடையில் சொல்லிவிட்டதால் வீட்டில் சொல்லவேண்டிய கடன் தீர்ந்ததாக அவர் நினைத்துவிட்டார் என்றும் எண்ணலாம். இரண்டாவது சரியென்றால் நாடகம் அந்த அம்மாளிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டுவிட்டது. அன்று இரவு கர்ண மோட்சம் நடந்தது. சிஷ்யப் பையன் கர்ணன் கட்டினான். பொன்னுருவியிடம் உத்தரவு கேட்கிற கட்டம் வந்தபோது அந்த அம்மாள் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். பிறகு வெளியே வரவில்லை.

நாங்கள் அதற்குப் பிறகு நாடகம் போடவில்லை. வேலை மாறி, கல்யாணமாகி, ஒவ்வொருவராகக் கலைந்தோம். தொரப்பள்ளியைச் சுற்றி இப்போது மனைப் பிரிவுகள். பெங்களூர்க் கழிவு கலந்து தென்பெண்ணை சில நாட்களில் வெள்ளை நுரையாக வருகிறது. என் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது, மாற்றி எழுதிய முடிவோடு. அதை அடிக்கவோ கிழிக்கவோ செய்யாமல் வைத்திருக்கிறேன்.

ஒன்று செய்தேன். அடுத்த வருஷம் ஒரு பால பாடப் புத்தகம் வாங்கிக் கன்னட எழுத்துக் கற்றுக்கொண்டேன். இப்போது பெங்களூரில் பஸ் பலகைகளைத் தடையில்லாமல் படிப்பேன். அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் போக நேர்ந்தபோது வாசலில் நின்று அந்தப் போர்டையும் படித்தேன். அவர் சொன்ன மாதிரி பெரிய எழுத்துதான்.